அட்டையில் போட்ட விலை

எல்பர்ட் ஹார்டிசன் எங்கள் கடைக்குள் முதன்முதலாக நுழைந்தபோது நான் ஒரு புதுக் காரின் கதவை உதைத்துக்கொண்டிருந்தேன். கோபத்தில் அல்ல, அதுதான் என் வேலை. சாட்டர்ன் காரின் கதவு பிளாஸ்டிக். உதைத்தால் பள்ளம் விழாது. வருகிறவர்கள் கண்முன்னே உதைத்துக் காட்டினால்தான் நம்புவார்கள் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அவர் தொப்பியைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பார்த்தார்.

"தம்பி, நாப்பது வருசமா கோவேறு கழுதை யாவாரம் பண்றேன். வாங்க வந்தவன் எதிர்லயே சொந்தக் கழுதைய எட்டி ஒதைக்கிறவன இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"கழுதை திருப்பி ஒதைக்கும். இது ஒதைக்காதுங்க ஐயா."

"அப்ப உசுரில்லாத கழுதை. அதுக்கு எவ்வளவு கொறைப்ப?"

"ஒரு டாலர்கூடக் கொறைக்க மாட்டோம். அட்டையில போட்டதுதான் வெல."

அவர் முகம் மலர்ந்தது. எல்லா வியாபாரமும் இப்படித்தான் ஆரம்பிக்கும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் இங்கே ஆரம்பமும் முடிவும் அது ஒன்றுதான் என்பதை அவர் நம்பவில்லை.

அது தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஏப்ரல் மாதம். டென்னஸியில் எங்கள் கொலம்பியா ஊருக்குப் பெருமை என்று ஒன்று இருந்தால் அது கோவேறு கழுதைச் சந்தைதான். வருஷா வருஷம் கழுதைக்கு ஊர்வலம் விடுகிற ஊர். இங்கே குழந்தை பேசக் கற்றுக்கொள்ளும் முன்பே பேரம் பேசக் கற்றுக்கொள்ளும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து பன்னிரண்டு மைல் வடக்கே, ஸ்பிரிங் ஹில்லின் வைக்கோல் வயல்களுக்கு நடுவே, பேரமே இல்லாத காரைச் செய்கிற தொழிற்சாலையைக் கொண்டுவந்து வைத்தார்கள் டெட்ராய்ட்டின் பெரிய கார் கம்பெனிக்காரர்கள். ஜப்பான்காரன் சின்னக் காராக விற்றுக் குவிப்பதைப் பார்த்து வயிறெரிந்து, அவனுக்குப் போட்டியாக ஒன்றைப் புதிதாகத் தொடங்கினார்கள். நிலவுக்கு ஆள் அனுப்பிய ராக்கெட்டின் பெயரைத்தான் வைத்திருக்கிறோம் என்றார்கள். ஆனால் சாட்டர்ன் என்றால் சனி. ஆக, வாசலில் சனியின் பெயரை எழுதிவைத்துவிட்டு நல்ல காலத்துக்குக் காத்திருந்தோம். வேடிக்கை என்னவென்றால், நல்ல காலம் வரவும் வந்தது.

பள்ளி ஆசிரியை, நர்ஸ், தபால்காரர், அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த பெண்பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள். மற்ற கடைகளில் 'வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கம்மா' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள்தான் அதிகம். இங்கே யாரும் யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை. இதற்கு முன் பழைய கார் விற்கும் இடத்தில் ஒன்பது வருஷம் பொய் சொல்லியே சம்பாதித்தவன் நான். இங்கே வந்த பிறகு எனக்கு இரவில் தூக்கம் வந்தது. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கார் வாங்கியவர் சாவியை வாங்கும்போது கடையில் இருக்கும் அத்தனை பேரும், பழுது பார்க்கிறவர் உட்பட, சுற்றி நின்று கைதட்டி ஆரவாரம் செய்ய வேண்டும். ஒரு புகைப்படம் எடுத்துச் சுவரில் மாட்ட வேண்டும்.

அந்தச் சுவருக்கு எதிரேதான், எல்பர்ட் வருவதற்கு ஒரு வாரம் முன்பு, அவருடைய மனைவி வெர்னீஸ் வெகுநேரம் நின்றிருந்தார். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் வேலை செய்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். சிவப்பு நிறக் கார் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இந்த வெல எல்லாருக்கும் ஒண்ணுதானா கர்ட்டிஸ்?"

"கவர்னரே வந்தாலும் இதேதான், மிஸ் வெர்னீஸ்." கல்யாணமானாலும் பெரியவர்களை எங்கள் ஊரில் மரியாதைக்கு மிஸ் என்றுதான் அழைப்போம்.

"நல்லது. எங்க வீட்ல அவரு பாக்காம ஒரு ஊசிகூட வாங்குனதில்ல. அவர அனுப்புறேன். பாவம், நீ கொஞ்சம் பொறுத்துக்கோ."

பொறுத்துக்கொண்டேன். மூன்று வாரம். விடாக்கண்டன், கொடாக்கண்டன் என்பார்களே, அந்தக் கதைதான். தினமும் காலை பத்து மணிக்கு வருவார். கழுதையின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பதுபோல முன்மூடியைத் திறந்து உள்ளே பார்த்து உச்சுக் கொட்டுவார். 'சின்னதா இருக்கே' என்பார். பிறகு கோபித்துக்கொண்டு வெளியே போவார். நான் ஓடிவந்து கூப்பிடுவேன் என்று தன் டிரக் வரைக்கும் மெதுவாக நடப்பார். நான் கூப்பிட மாட்டேன். திரும்பி வந்து, வருகிறவர்களுக்காக வைத்திருக்கும் டோனட்டில் இரண்டை எடுத்துக்கொள்வார்.

"வெலைய நீ கொறைக்கலேன்னா நான் தின்னே கொறைச்சுக்குவேன்" என்றார் ஒருநாள்.

இன்னொரு நாள் ஒரு நர்ஸுக்கு நாங்கள் கைதட்டுவதை ஓரமாக நின்று பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இந்தக் கைதட்டல் எனக்கு வேணாம். அதுக்கு எவ்வளவு கழிப்ப?"

"அது இலவசங்க ஐயா."

"இலவசம்னு உலகத்துல ஒண்ணும் கெடையாது தம்பி. யாரோ ஒருத்தன் தலையில கட்டியிருப்பீங்க."

அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை. என் பழைய தொழிலின் மகாவித்துவான் ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், நானோ வாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். கோபப்பட்டவர் எங்கள் மேலாளர் ஃபெல்டன்தான். எல்பர்ட் சும்மா உட்காராமல், வருகிற மற்றவர்களிடம் 'அவசரப்படாதீங்க, எறங்கி வருவான்' என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். நான்காவது வாரம் தேவாலயத்து ஞாயிறுப் பள்ளி ஆசிரியை ஒருவரே என்னிடம் நூறு டாலர் குறைத்துக் கேட்டார்.

ஃபெல்டன் அன்றே ஒரு வழி கண்டுபிடித்தார். மார்ச் மாதம் பெய்த ஆலங்கட்டி மழையில், வெளியே நின்றிருந்த மணல் நிறக் கார் ஒன்றின் கூரையில் மூன்று பள்ளம் விழுந்திருந்தது. கதவுதானே பிளாஸ்டிக், கூரை இரும்புதான். "அடிபட்ட வண்டியக் கொறைச்சு விக்கலாம். அது பேரம் இல்ல, சேதாரம்" என்றார். கொள்கை கெடாமல் கொள்கையைக் கெடுப்பதில் அவர் கெட்டிக்காரர்.

எல்பர்ட் அந்தப் பள்ளங்களைத் தடவிப் பார்த்த விதத்தை இப்போதும் மறக்க முடியவில்லை. நானூறு டாலர் குறைத்தோம். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சொன்னேன்ல, நீ எறங்கி வருவேன்னு" என்றார். அவர் கண்ணில் அவ்வளவு சந்தோஷம். மிஸ் வெர்னீஸிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அது என் தவறு.

சனிக்கிழமை மிஸ் வெர்னீஸ் வந்தார். முடியை அலங்கரித்துக்கொண்டு, தேவாலயத்துக்குப் போடும் நீல உடையில். நாங்கள் பதினொரு பேர் வட்டமாக நின்றோம். சாவி அவர் கைக்குப் போனது. தட்டுவதற்குக் கைகளைத் தூக்கிவிட்டோம். அந்த நேரம் பார்த்து எல்பர்ட்டுக்குப் பொறுக்கவில்லை.

"வெர்னீஸ், கூரையப் பாரு. மூணு பள்ளம். ஒரு பள்ளத்துக்கு நூத்து முப்பது டாலருக்கு மேல வாங்கியிருக்கேன்!"

வெர்னீஸ் கூரையைப் பார்த்தார். சாவியை என் மேஜையில் வைத்தார். தூக்கிய கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் நாங்கள் அப்படியே நின்றோம்.

"எல்பர்ட், நம்ம வீட்டு அடுப்பு ஒரு பக்கம் நசுங்குனது. பாதி வெல. பிரிட்ஜோட கதவு செவுத்தப் பாத்துத் தெறக்கும். பாதி வெல. எல்லாத்துக்கும் ஒரு கதை வெச்சிருக்கீங்க, வர்றவங்க போறவங்க கிட்ட எல்லாம் சொல்லிச் சிரிக்கிறீங்க. நானும் சிரிச்சேன்."

"நல்லாத்தான ஓடுது எல்லாம்..."

"இத அவங்களுக்குக் காட்டட்டுமா?" விரலிலிருந்த மோதிரத்தை எங்கள் பக்கம் நீட்டினார். "இது உள்பக்கம் ரெண்டு எழுத்து இருக்கு. எங்க ரெண்டு பேரோடதும் இல்ல. வேற யாரோ ஒரு சோடிக்குச் செஞ்சது. அவங்க கல்யாணம் நின்னு போச்சு. கடைக்காரன் வந்த வெலைக்குத் தள்ளிவிட்டான். நாப்பத்து நாலு வருசமா எவளோ ஒருத்தி பேரப் போட்டுக்கிட்டு நான் சமைச்சுப் போடுறேன்."

"எழுத்தத் தேய்க்கத் தனியாக் காசு கேட்டான்" என்றார் எல்பர்ட் மெதுவாக.

பழுது பார்க்கும் டுவைட் இருமுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இந்த ஊர்ல ஒங்களால பேரம் பேச முடியாத கடை ஒண்ணே ஒண்ணு வந்துச்சு" என்றார் வெர்னீஸ். குரல் உயரவில்லை. "அதனாலதான் இங்க வந்தேன். காரப் பத்தி எனக்கு என்ன தெரியும்? எனக்குன்னு ஒரே ஒரு பொருள், சொன்ன வெலைய முழுசாக் குடுத்து வாங்கணும். அவ்வளவுதான் ஆசப்பட்டேன். அதையும் மூணு பள்ளத்தோட கொண்டுவந்து நிறுத்திட்டீங்க."

எல்பர்ட் தொப்பியைக் கழற்றினார். அவர் தலை வழுக்கை என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பிறகு என்னிடம் திரும்பினார்.

"அந்தச் செவப்பு வண்டி. அட்டையில என்ன போட்டிருக்கோ அதானா?"

"அதேதாங்க ஐயா."

அவர் வாய் திறந்தது. இரண்டு முறை திறந்து மூடியது. உள்ளே ஒரு பெரிய யுத்தமே நடந்திருக்க வேண்டும். பிறகு காசோலைப் புத்தகத்தை எடுத்து முழுத்தொகையை எழுதினார். முதல் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டாவது தாளில்தான் எழுதி முடித்தார். நாங்கள் கைதட்டினோம். அன்றைக்குத் தட்டியதுபோல எந்த நாளும் தட்டியதில்லை. புகைப்படத்தில் வெர்னீஸ் சிரிக்கிறார். பக்கத்தில் எல்பர்ட், பல் பிடுங்கிக்கொண்டவர் முகத்தோடு நிற்கிறார்.

அடுத்த வருஷம் ஜூன் மாதம் கார் வாங்கியவர்களையெல்லாம் தொழிற்சாலைக்கு விருந்துக்கு அழைத்தார்கள். நாடு முழுவதிலுமிருந்து பல்லாயிரம் பேர், வாங்கிய காரையே ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். ஒரு காருக்காக ஜனம் இப்படிக் கூடும் என்று யார் நினைத்தார்? வெர்னீஸ் சிவப்புக் காரில் எல்பர்ட்டைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வந்திருந்தார். எல்பர்ட் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "கர்ட்டிஸ், முழு வெல குடுத்த ஏமாளிங்க இத்தன பேரு ஒரே எடத்துல நின்னு பார்பெக்யூ திங்கிறத இங்கதான் பாக்குறேன்" என்றார். அவர் தட்டும் காலியாகத்தான் இருந்தது.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான். டெட்ராய்ட் பெரிய வண்டிகளில் காசு பார்த்தது. எங்கள் சின்னக் கார் பெற்றவர்கள் மறந்த பிள்ளையானது. இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷ இலையுதிர் காலத்தில், கம்பெனியையே வாங்க வந்தவரும் பின்வாங்கிவிட, இனி சாட்டர்ன் கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். சனி எங்களைப் பிடித்தபோது யாரும் அழவில்லை, விலகியபோதுதான் அழுதோம். ஒரு டாலர் குறைக்காத எங்கள் கடைக் கண்ணாடியில், ஆயிரக்கணக்கில் தள்ளுபடி என்று சிவப்பில் எழுதி ஒட்டினேன். என் கையாலேயே ஒட்டினேன்.

அந்த வாரம் வெர்னீஸ் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"நம்ம வண்டி பக்கவாட்டுக் கண்ணாடி தபால் பெட்டியில இடிச்சு ஒடைஞ்சிடுச்சு. நாளைக்கு வர்றோம். கண்ணாடி என்ன வெல?"

"அறுபது டாலர், மிஸ் வெர்னீஸ். சும்மாவே தர்றேனே, கடையத்தான் மூடப்போறோம்."

"சும்மா குடுத்தா அவரு மூஞ்சியே செத்துப்போகும். நான் சொல்றதக் கேளு. ஒங்களுக்கு நட்டம் வராம ஒரு கவருல பத்து டாலர் வெச்சு அனுப்புறேன். அவரு ஒங்கிட்ட பத்து டாலர் கொறைச்சு வாங்கணும். ஒடனே ஒத்துக்காத. அர மணி நேரமாச்சும் இழுத்துப்போடு. எண்பத்திரெண்டு வயசாச்சு. கழுதை எல்லாத்தையும் வித்தாச்சு. பதினாறு வருசமா என் முன்னாடி ஒரு பேரமும் பேசல அந்த மனுசன். எனக்கு அதப் பாக்க முடியல கர்ட்டிஸ்."

மறுநாள் சிவப்புக் கார் வந்து நின்றது. வெர்னீஸ் ஓட்டுநர் இருக்கையிலேயே இருந்தார். எல்பர்ட் கைத்தடியோடு உள்ளே வந்து, முதலில் கடை ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டார். பிறகு என் காதருகே குனிந்தார்.

"அவ பாக்குறா. மெதுவாப் பேசு. எவ்வளவு?"

"அறுபது. அட்டையில போட்டதுதான்."

"ரசீதுல அறுபதுன்னே எழுதிக்கோ. அவ கேப்பா. எனக்கு மட்டும் நாப்பதுன்னு போடு."

"கடைய மூடுறப்ப வந்து அடிமாட்டு வெலைக்குக் கேக்குறீங்களே ஐயா, நியாயமா?"

அவர் கண் பளிச்சிட்டது. கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து உச்சுக் கொட்டினார். சின்னதாக இருக்கிறது என்றார். கோபித்துக்கொண்டு கதவு வரை போனார். நான் கூப்பிட்டேன். பதினாறு வருஷத்துக்கு முன் கூப்பிடாததற்கும் சேர்த்துக் கூப்பிட்டேன். முப்பத்தைந்து நிமிஷம் ஆனது. ஐம்பதில் முடிந்தது. இருந்த டோனட் ஒன்றையும் எடுத்துக்கொண்டார். என் கையைக் குலுக்கி, "நீ இவ்வளவு கெட்டிக்காரன்னு எனக்குத் தெரியாது தம்பி. அன்னைக்கெல்லாம் ஒன்ன ஊமையாக்கி வெச்சுட்டாங்க" என்றார். அது எனக்கு வலித்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

டுவைட் கண்ணாடியைப் பொருத்தி முடித்தான். எல்பர்ட் முகத்தைச் சிரமப்பட்டு வாடவைத்துக்கொண்டு காரில் ஏறினார்.

"எவ்வளவு?" என்று வெர்னீஸ் கேட்டது திறந்திருந்த கதவு வழியாக எனக்குக் கேட்டது.

"அறுபது. முழு வெல."

"நல்லது" என்றார்.

எல்பர்ட் இருக்கைப் பட்டையைத் தேடிக் குனிந்த நேரத்தில் வெர்னீஸ் என்னைப் பார்த்தார். பிறகு, அந்த மோதிரம் போட்ட கையையும் மற்றதையும் ஸ்டியரிங்குக்குக் கீழே இறக்கி, சத்தம் வராமல் மூன்று முறை தட்டினார்.