உடையார்பாளையம் பேச்சு–1

உடையார்பாளையத்தில் மலர்கொடி வீட்டுக்கும் அவள் தங்கை பானுப்ரியா வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவரில் சித்திரை மாதத்திலும் உறைபனி படிந்திருந்தது. முந்திரிக்கொட்டை காயும் வெயிலில் அந்தச் சுவரில் மட்டும் விரலால் பெயர் எழுதலாம். தெருக்காரர்கள் மோர்ச் சொம்பையும் விற்காமல் மிஞ்சிய மல்லிகைச் சரத்தையும் அங்கே சாத்தி வைத்தார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் கேட்கவில்லை. புதுவீடு கட்டிக் குடிபுகுந்தபோது, ஒட்டின சுவர்தானே என்று பானுப்ரியா அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பிவிட்டாள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்கவில்லை. அக்கா போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்கத் தங்கை வாசலில் வந்து நின்றபோது, அக்கா ‘வா’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று சாயங்காலமே சுவர் வெளுத்துவிட்டது.

மலர்கொடி பெரம்பலூர்ப் பக்கம் ஒரு பழ ஆராய்ச்சிப் பண்ணையில் ஆய்வாளராக இருந்தாள். மலையில் விளையும் பீச் பழத்தைச் சமவெளியில் காய்க்க வைப்பது அவள் வேலை. பீச் மரம் குளிர்காலத்தில் தூங்கும். போதுமான குளிர் பட்ட பிறகுதான் விழித்துப் பூக்கும். பெரம்பலூரின் மார்கழியை அது குளிர் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. ரகத்தோடு ரகம் சேர்த்து அவள் வளர்த்த கன்றுகள் வருடக்கணக்காக இலையை மட்டும் காட்டிக்கொண்டு நின்றன. பிடுங்கிப் போடச் சொன்ன கன்று ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரோரம் நட்டாள். வளர்ந்ததும் ஒரு தை மாதம் அது இலையே தெரியாமல் இளஞ்சிவப்பாகப் பூத்தது. பண்ணை இயக்குநர் முத்தமிழ்செல்வன் வந்து சுவரில் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். “குளிர் காத்துல இல்ல மேடம். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கு” என்றார், அதைத் தானே கண்டுபிடித்த குரலில்.

பிறகு அது திட்டமாயிற்று. வரதராஜன்பேட்டையில் பாகப்பிரிவினை வழக்கில் இருந்த அண்ணன் தம்பி வரப்பில் நட்ட மரம் கிளை ஒடியக் காய்த்தது. ஓர் அலுவலகத்தில் இரண்டு மேசைகளுக்கு நடுவே தொட்டியில் வைத்த கன்று மறுமாதமே பூத்தது. ஒரே கட்சியின் இரண்டு கோஷ்டிகளுக்கு நடுவே வைத்தது குளிர் தாங்காமல் கருகியது. பேசாதவர்களுக்கு மானியம் என்று அறிவித்ததும் மாவட்டத்தில் பாதிப் பேர் பேச்சை நிறுத்தினார்கள். தங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று சான்றிதழ் வாங்க, ஜோடி ஜோடியாக ஒரே பைக்கில் வந்தார்கள். அதிகாரிகளை ஏமாற்ற முடிந்தது. மரத்தை முடியவில்லை.

சுவரோர மரம் மூன்றாவது வருடமும் காய்த்தால் ரகத்தை வெளியிடலாம், பங்குனியில் பார்வையிட வருகிறோம் என்றது புது ரகங்களுக்கு அனுமதி தரும் அரசுக் குழு. உடையார்பாளையம் பீச்சு–1 என்று பெயர்கூட வைத்தாயிற்று. அந்தக் கார்த்திகையில்தான் பானுப்ரியாவின் மகள் நந்தினிக்குத் தையில் கல்யாணம் என்று முடிவாயிற்று. மலர்கொடிக்குப் பிள்ளை இல்லை. நந்தினி நடை பழகியது அவள் விரலைப் பிடித்துத்தான். சுவருக்கு மேலே தலையை நீட்டி நந்தினி சொன்னாள்: “பெரியம்மா, இந்தத் தடவ அம்மா நேர்லயே வந்து அழைக்கப் போவுது. நீங்க வான்னு சொல்லலன்னா எனக்குத்தான் திட்டு விழும்.” இயக்குநர் போனில் கெஞ்சினார்: “பங்குனி வரைக்கும் வாசல்லயே நிக்க வைங்க மேடம். நாட்டுக்காக.” கணவன் பூவரசன் ஒரு வழி சொன்னான்: “வேணும்னா எங்கிட்டப் பேசாம இருந்து பாரேன்.” “அதுல குளிர் வராது. நிம்மதிதான் வரும்” என்றாள்.

அந்த வாரம் முழுக்க மலர்கொடி தன் கோபத்தை உள்ளே தேடிப் பார்த்தாள். வலித்த இடம் எப்போதோ ஆறிப்போயிருந்தது. மரத்துக்கு எரு வைப்பதைப் போல அவள்தான் தினமும் அதைக் கிளறி விட்டிருக்கிறாள். தங்கை வீட்டுக் குக்கர் விசில் கேட்கும்போதெல்லாம் இன்றைக்கு என்ன குழம்பு என்று மனசு கேட்கும். அதை அங்கேயே கிள்ளிப் போட்டிருக்கிறாள். மிச்சமிருக்கும் கோபம் தன்னுடையதா மரத்துடையதா என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பானுப்ரியா பட்டுச் சேலை கட்டி, தாம்பாளத்தோடு வாசலுக்கு வெளியே விறைப்பாக நின்றாள். “நேர்லயே வந்துட்டேன்க்கா. வாட்ஸ்அப்லயும் அனுப்பியிருக்கேன்.”

மலர்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வா. வெயில்ல நிக்காத.”

சுவர் உருகி இரண்டு சமையலறைக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டே துடைத்தார்கள். தையில் கல்யாணம் நடந்தது. மரத்தில் ஒரு பூ இல்லை. பங்குனியில் குழு வந்து, வெறும் இலையைப் பார்த்து, முறுக்கு தின்று, ரகத்தை நிராகரித்துவிட்டுப் போனது. இயக்குநர் மலர்கொடியிடம் பேசுவதை நிறுத்தினார். மறுவருடம் அவர் அறைக்கு வெளியே இருந்த கன்று பூத்தது. அதை யாரும் சொல்லிக் காட்டவில்லை.

பேசாத காலத்தில் மலர்கொடி பழம் தின்று வீம்புக்குச் சுவருக்கு அந்தப்புறம் வீசிய கொட்டை ஒன்று பானுப்ரியா வீட்டுப் பக்கம் முளைத்து மரமாகியிருந்தது. அக்கா தங்கை பல் விளக்கும் நேரத்திலிருந்து பேசிக்கொண்டிருந்த ஒரு தையில் அது பூத்தது. மலர்கொடி சுவரைத் தடவிப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் இன்னும் சில்லென்று இருந்தது. அது எது என்று அவளுக்குத் தெரியும். எல்லாவற்றையும் பேசினார்கள், அந்தக் குடிபுகும் நாளைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. மரத்துக்கு அது போதுமாக இருந்தது.

அந்த ரகத்தைத்தான் அரசு வெளியிட்டது. அச்சகத்தில் பிழை திருத்துபவர் ‘பீச்சு’ என்பதைப் பிழை என்று நினைத்துப் ‘பேச்சு’ என்று திருத்திவிட்டார். பலகைகள் எல்லாம் வந்து இறங்கிவிட்டதால் பெயர் அப்படியே நின்றது. இன்று அரியலூரிலும் பெரம்பலூரிலும் பேச்சு மரம் இல்லாத தெரு இல்லை. மானியமும் இல்லை, சான்றிதழும் இல்லை. அவ்வளவு குளிர் எல்லா வீட்டிலும் இருக்கிறது.

திருமழபாடியில் நந்தினி தன் வீட்டுக்குக் கொண்டுபோன கன்று மட்டும் வளர்ந்த பிறகும் பூக்கவில்லை. ரகத்தில் ஏதோ கோளாறு என்றார்கள் பண்ணையில். மலர்கொடி ஒவ்வொரு தையிலும் விசாரித்து, இல்லை என்று கேட்டுச் சந்தோஷப்பட்டாள். போன தையில் நந்தினியே கூப்பிட்டாள். “பெரியம்மா, மரம் பூத்துடுச்சு.” குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. மலர்கொடி என்ன நடந்தது என்று கேட்கவில்லை. “பிஞ்சு வந்ததும் பாதியக் கிள்ளி விட்டுடு கண்ணு. எல்லாத்தையும் காய்க்க விட்டா கிளை தாங்காது” என்றாள். பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த பானுப்ரியாவும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வருடம் திருமழபாடியில் நல்ல பழம்.