திருப்பி ஊற்றும் திருடன்

திருடன் என்றால் திருடியதைக் கொண்டுபோய் விற்பான். காலையில் டீசல் திருடி, சாயங்காலமே அதைக் கொண்டுவந்து டாங்கில் திருப்பி ஊற்றுகிற திருடனை எங்காவது பார்த்திருக்கிறீர்களா? என் கணவர் டெல்வின் அப்படிப்பட்ட ஒரு திருடன் என்று ஜெபதாஸ் அண்ணாச்சி கண்டுபிடித்தார். அதையும், ஞாயிறு ஆராதனை முடிந்து சபையார் எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து, ஆலய வாசலில் நின்று அறிவித்தார்.

அண்ணாச்சி லாரி முதலாளி. டெல்வின் அவருடைய டிரைவர். ராஜாக்கமங்கலம் பக்கத்தில் தேங்காய் ஏற்றி வடக்கே போகிற வண்டி அது. தூர ஓட்டம் என்பதால் வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என்று இரண்டு டீசல் டாங்க். இரண்டையும் அடியில் ஒரு குழாய் சேர்க்கிறது. ஒரு டாங்கில் குறைந்தால் மற்றதிலிருந்து டீசல் ஓடிவந்து இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். அண்ணாச்சி போன மாதம் யாரோ சொன்னார்கள் என்று ஒரு கருவி வாங்கி, வலது டாங்கில் மட்டும் மாட்டினார். டீசல் குறைந்தாலும் கூடினாலும் அவருடைய போன் கத்தும். அன்றைக்குப் பிரசங்கத்தின் நடுவிலேயே கத்தியது.

"லேய் டெல்வினு, மூணு ஞாயிறா எனக்க போன் சொல்லுது. ஆராதனை நேரத்துல முப்பது லிட்டர் குறையுது. சாயங்காலம் நீ வண்டிய எடுத்த பொறவு கூடுது. எடுத்துட்டு, பயந்து திருப்பி ஊத்துதியா?"

"நான் உள்ள பாட்டுல்லா படிச்சிட்டு நின்னேன், அண்ணாச்சி."

"நீ பாட்டு படிச்ச. ஒனக்க ஆளு எடுத்திருப்பான்."

பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடிய மனுஷனைப் பார்த்து இப்படி. செருப்பு தேடியவர்கள் தேடுவதை விட்டுவிட்டு எங்களையே பார்த்தார்கள். இந்தப் பக்கத்தில் லாரி வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் பழக்கம். ஒருவர் வாயிலிருந்து திருடன் என்று வந்துவிட்டால் அப்புறம் எவரும் டெல்வினை நம்பிச் சாவி கொடுக்கமாட்டார்கள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. அண்ணாச்சிக்கு முன்னால் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, வண்டி நிக்க நிலைய பாத்தியளா?"

ஆலயத்தை ஒட்டிக் கால்வாய்க் கரைச் சாலை. கார்கள் போக வழி விடவேண்டும் என்று டெல்வின் எப்போதும் இடது சக்கரங்களைச் சரிவில் இறக்கித்தான் நிறுத்துவார். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"வலது டாங்க் மேட்டுல நிக்குது. அதுல உள்ளது குழாய் வழியா பள்ளத்து டாங்குக்குப் போவாதா? இருபது வருசம் லாரி ஓட்டுன ஆளுல்லா நீங்க? உங்களுக்கு இது தெரியாதா?"

"போன் பொய் சொல்லாது, ஸ்மைலின்."

"அப்போ எனக்க மாப்பிள பொய் சொல்லுவாரு, இல்லியா? சாவிய நீங்களே பிடிங்க. இவரு வண்டிப் பக்கமே வரண்டாம். நீங்களே ஓட்டிட்டுப் போய் பள்ளிக்கூட மைதானத்துல நிறுத்துங்க. அங்க பாப்போம்."

இத்தனை பேர் பார்க்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். பாதி சபை பின்னாலேயே நடந்தது. வீட்டில் மீன்குழம்பு வைக்கவேண்டிய பெண்கள்கூட வந்தார்கள். வேடிக்கை என்றால் யாருக்குத்தான் பசிக்கும்? சமதரையான மைதானத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டு, அண்ணாச்சி டாங்க் பக்கத்திலேயே போனைப் பிடித்துக்கொண்டு காவல் நின்றார். டெல்வின் மைதானத்துக் கேட்டுக்கு வெளியே நின்றார். வெயில் மண்டையைப் பிளந்தது. கொஞ்ச நேரத்தில் போன் கத்தியது. டீசல் நிரப்பப்பட்டதாம். குறைந்த முப்பது லிட்டரும் வந்து சேர்ந்துவிட்டதாம்.

"ஊத்துனது ஆரு அண்ணாச்சி? வண்டிகிட்ட நீங்க மட்டுந்தான நின்னிய?"

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. பார்க்கவேண்டியதைப் பார்த்தாயிற்று என்று ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். அண்ணாச்சி கேட்டுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்றுதான் நினைத்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்து, சிரித்து, டெல்வின் தோளில் கையைப் போட்டு, எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசினார்.

"மனசுல வச்சுக்காத மக்கா. குழாய் காரியம் எனக்குத் தெரியாமலா? நான் ஓட்டுன காலத்துல டீசல் இறக்கி விக்காத டிரைவர் ஆரு? நானுந்தான் இறக்கினேன். போன் கத்துனதும் அந்த நெனப்புதான் வந்துது. செரி, நாளைக்கு லோடு இருக்கு. வெள்ளன வந்திரு."

சாவியை நீட்டினார்.

தெரியாமல் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். எல்லாம் தெரிந்த மனுஷன், தன் கை செய்ததை வைத்து என் கணவருடைய கையை எடைபோட்டிருக்கிறார். பழியை ஊருக்கே கேட்கும்படி சொன்னவருக்கு, இதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிட்டது. என்ன நெஞ்சழுத்தம்! நன்றாகக் கேட்டுவிடலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் டெல்வின் பேசினார்.

"அண்ணாச்சி, வாசல்ல நின்னு சொன்னியளே, அதே சத்தத்துல, எல்லாரும் கேக்க, இவன் எடுக்கல்லன்னு சொல்லுங்க. பொறவு சாவிய தாங்க."

அண்ணாச்சி கலைந்து போகிறவர்களைத் திரும்பிப் பார்த்தார். கூப்பிட்டால் நிற்கிற தூரத்தில்தான் இருந்தார்கள். ஒரு வார்த்தை போதும். அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் தேங்காய் லோடை, அறுபத்திரண்டு வயதில், அவரே ஓட்டிக்கொண்டு போனார்.