வீட்டைக் காலி செய்யும் வீடியோ

விடுமுறைக்கு எடுத்த வீட்டைக் காலி செய்யும்போது புருஷன் முன்னால் நடப்பான், வீட்டு உரிமையாளருக்கு அனுப்புகிற வீடியோவுக்காக அவள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும். எப்போதோ ஒரு முறை, எவனோ உடைத்த ஜன்னலுக்கு இவன் தலையில் பழி விழுந்து முன்பணம் போய்விட்டது. அதிலிருந்து இந்த ஊர்வலம். வீடியோவை நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் எதையோ மறைத்த மாதிரி ஆகிவிடும் என்பான்.

"இது ஹால் சார். சோபா பாத்துக்குங்க, ஒரு கறை இல்ல. டிவி போடறேன், ஓடுது பாருங்க."

குரலில் வெண்ணெய் வழிந்தது. ஏசி மெக்கானிக் அவன். வாடிக்கையாளர் வீடுகளில் பேசிப் பேசிப் பழகிய குரல். அவளுக்கு அந்தக் குரல் கிடைத்ததே இல்லை. வழக்கமாக அவன் போனில்தான் எடுப்பார்கள். இன்றைக்கு அதில் இடம் இல்லை என்று காட்டியது. அதனால் அவள் போன்.

அவன் அடிப்பது துணி மூடுகிற இடங்களில். ஒரு தடவை தோளில் இருந்த கன்றலை அவள் தன் அண்ணனிடம் காட்டினாள். புருஷன் முந்திக்கொண்டான். "பாத்ரூம்ல வழுக்கிட்டா மச்சான். மருந்துக்கடையில வேலை, ஆனா தனக்கு ஒரு களிம்பு போடத் தெரியாது." அண்ணன் சிரித்துவிட்டான். பிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ சொல்றத வச்சு நான் எப்படி அவன் சட்டையப் பிடிக்கறது? நாளைக்கு நீயே சமாதானமாகி நிப்ப. ஏதாவது ஆதாரம் இருந்தா சொல்லு, அடுத்த நிமிஷம் வரேன்" என்றான். அவளுக்குப் போக்கிடம் அந்த ஒரு வீடுதான். அதன் கதவு ஆதாரம் என்ற ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

சமையலறைக்கு வந்தார்கள். அவன் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து காட்டினான். தட்டுகள், கோப்பைகள், குழாய். "சொட்டு இல்ல சார்." கண்ணாடி மூடிய அடுப்பின் முன்னால் குனிந்தவன் அப்படியே நின்றான். மூலையில் நகம் கிழித்த மாதிரி ஒரு கோடு.

"இது எப்ப வந்துச்சு?"

"வரும்போதே இருந்துச்சுங்க."

"வரும்போது எடுத்த வீடியோவுல இது இல்ல."

"அன்னிக்கு அடுப்பு மேல பாத்திரம் இருந்துச்சு. அதான் தெரியல."

"ஆக, தப்பு என்னோடதுங்கற."

அவள் வாயைத் திறப்பதற்குள் வயிற்றில் குத்து விழுந்தது. காற்று முழுக்க வெளியே போய்விட்டது. போன் மட்டும் கையை விட்டுப் போகவில்லை. நிறுத்தக் கூடாது என்று அவள் கைக்கு அவ்வளவு பழக்கமாகியிருந்தது. மடங்கியவளின் முடியைச் சுருட்டிப் பிடித்து அவள் முகத்தை அடுப்பில் அழுத்தினான். கன்னத்து எலும்பு கண்ணாடியில் நெரிந்தது.

"பாரு. பக்கத்துல பாரு. கண்ணு எதுக்கு வச்சிருக்க? கரண்டியப் போட்டு இழுத்தியா? சொல்லுடி."

விலாவில் முழங்கால். இன்னொன்று. அடிக்கு நடுவிலும் அவன் இடது கை, மேடையோரம் இருந்த கண்ணாடி ஜாடியை உள்ளே தள்ளி வைத்தது. அவள் அதைப் பார்த்தாள். ஜாடி விழக் கூடாது.

அப்புறம்தான் அவன் போனைப் பார்த்தான். சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டிருந்தது. அது அவள் கையில் இருந்ததாலேயே அது ஒரு கேமரா என்பதை மறந்திருந்தான்.

"அத அழி."

அவள் பின்வாங்கினாள்.

"அழின்னு சொல்றேன்ல. அழிச்சிட்டு முதல்லேர்ந்து எடுப்போம்."

அவள் ஓடினாள். ஓட்டம் என்று சொல்ல முடியாது, விலாவைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராகத் தேய்ந்து போனாள். குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாளைப் போட்டதும் கதவில் அவன் உள்ளங்கை வந்து விழுந்தது.

வீடியோவை நிறுத்தித் தன் அண்ணனுக்குப் போட்டாள். நீளமான வீடியோ. சிக்னல் இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி இருந்தது. திரையில் வட்டம் நகரவே இல்லை. டாய்லெட் மூடி மேல் ஏறி, காற்றுப்போக்கி வழியாகப் போனை வெளியே நீட்டிப் பிடித்தாள். வட்டம் கொஞ்சம் நகர்ந்தது.

வெளியே அமைதி. அவன் உதைக்கவில்லை. அவன் உதை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், இந்த மாதிரிக் கதவு ரெண்டு உதை தாங்காது. ஆனால் இது அடுத்தவன் வீட்டுக் கதவு.

"சின்னவனே, கார்லேர்ந்து என் டூல்ஸ் பைய எடுத்துட்டு வா."

சின்னவன் என்பது அவன் தம்பி. காரை ஓட்ட வந்தவன். செருப்புச் சத்தம் கேட்டது.

"என்னண்ணா ஆச்சு?"

"தாழ்ப்பாள் சிக்கிடுச்சு. உங்க அண்ணி உள்ள மாட்டிக்கிட்டா."

"அண்ணி, பயப்படாதீங்க," என்றான் சின்னவன். குரலில் பாதி சிரிப்பு. அண்ணன் வீட்டுச் சத்தம் கேட்டால் காரில் பாட்டைக் கூட்டி வைப்பவன் அவன்.

"பெட்ஷீட்ட மடிச்சுக் கீழ போடு. கதவு சாஞ்சா டைல்ஸ் போயிடும். போட்டுட்டு நீ கார்ல இரு."

கீல்கள் வெளிப்பக்கம் இருந்தன. ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினான். மரம் பிளக்காமல், திருகாணித் தலை தேயாமல், வேலையில் அவனுக்கு நல்ல பெயர் வாங்கித் தந்த அதே பொறுமையோடு. கழற்றியதை ஒரு தட்டில் போட்டான். ஒவ்வொன்றும் கிணுங்கென்று விழுந்தது. வட்டம் பாதியைத் தாண்டியது. அவள் கை மரத்துவிட்டது.

"வெளிய வந்தா ஒண்ணும் பண்ண மாட்டேன்," என்றான் திருகிக்கொண்டே. "நானா திறந்து வந்தா வேற மாதிரி இருக்கும்."

கதவு ஒரு பக்கமாகப் பெயர்ந்து வெளிச்சம் உள்ளே வந்தபோது வட்டம் மறைந்து இரண்டு டிக் விழுந்தது.

அவன் கதவைப் பத்திரமாகச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தான். போனைப் பிடுங்கிப் பார்த்தான். யாருக்குப் போயிருக்கிறது என்று தெரிந்ததும் போனை அவள் மேலேயே எறிந்துவிட்டு முகத்தில் அடித்தான். முகத்தில் அடித்தது இதுதான் முதல் தடவை. மூக்கு நொறுங்கிய சத்தம் அவள் மண்டைக்குள் கேட்டது. சட்டையைப் பிடித்துத் தூக்கி மறுபடி அடித்தான், உதடு பல்லில் கிழிந்தது. கீழே விழுந்தவளை மிதித்தான். மிதிக்கும்போது அவன் அழுதுகொண்டே திட்டினான். "என் மானத்த வாங்கிட்டியே, என் மானத்த வாங்கிட்டியே." அவள் கைக்குக் குளியல் சொம்பு அகப்பட்டது. கனத்த பித்தளைச் சொம்பு. அதன் விளிம்பால் அவன் முழங்கால் சில்லில் ஓங்கி அடித்தாள். அவன் ஊளையிட்டுக்கொண்டு சரிந்தான். இன்னொரு தடவை, அதே இடத்தில், எலும்பு தட்டுப்படும்வரை.

போனை எடுத்துக்கொண்டு அவனைத் தாண்டி நடந்தாள். வெள்ளைச் சுவரெல்லாம் அவள் கைத்தடம்.

காரில் சின்னவன் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தான். அவள் கதவைத் திறந்து உட்கார்ந்ததும் பாட்டை நிறுத்தினான்.

"அண்ணி, மூஞ்சி..."

"ஆஸ்பத்திரிக்குப் போ."

"அண்ணன் வரட்டும்."

போன் அடித்தது. அவளுடைய அண்ணன். விரிசல் விட்ட திரையில் ரத்த விரலால் மூன்று தடவை தேய்த்த பிறகுதான் எடுக்க முடிந்தது.

"அண்ணா. பாத்தியா?"



"பாத்தேன்."

"முழுசா?"

"முழுசா." "பக்கத்துல யாரு?"

"சின்னவன்."

"அவன்கிட்ட குடு."

சின்னவன் போனைக் காதில் வைத்தான். தன் அண்ணன் என்ன சொன்னான் என்று அவளுக்குக் கேட்கவில்லை. சின்னவன் "சரிங்க" என்றான், மறுபடி "சரிங்க" என்றான். வாசலில் புருஷன் ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்து நின்று தம்பியின் பெயரைச் சொல்லிக் கத்தினான். சின்னவன் தலையைத் திருப்பாமல் வண்டியைக் கிளப்பினான்.