தௌவு ஊர் மெக்கானிக்

படகு மோட்டார் தலைநகர் சுவாவிலிருந்து பழுது நீங்கித் திரும்பிய நாளை நவைகுலா ஊர் ஒரு கல்யாணம்போலக் கொண்டாடியது. கொண்டாடச் சொன்னவர் வாட்டிசோனி.

ஊர்ப் படகுக் குழுவின் தலைவர் அவர்தான். குழு என்றால் அவர், ஒரு நோட்டு, ஒரு ரப்பர் ஸ்டாம்ப். முப்பது வருடம் தபால் ஆபீஸில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். கடலைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. ஆனால் பதவி என்றால் என்னவென்று கடலளவு தெரியும்.

ஒரு மாதமாக மோட்டார் மக்கர் செய்துகொண்டிருந்தது. கரையில் சிங்கம்போல உறுமும். பவழத்திட்டைத் தாண்டியதும் இரண்டு இருமல் இருமிச் செத்துப்போகும். அப்புறம் துடுப்புதான்.

ஊர்க்கூட்டத்தில் பெண்கள் சங்கத்துக் கெலேரா எழுந்து மிகப் பணிவாகச் சொன்னாள்: "தலைவரே, வர்ற சனிக்கெழம பாய் ஏத்த கப்பல் வந்து கடல்ல நிக்கும். அறுவது பாய் முடைஞ்சு வெச்சிருக்கோம். மோட்டார் ஓடலன்னா பாய் இங்கயே கெடந்து பூசணம் பூக்கும். அப்படி ஆச்சுன்னா படகை நாங்களே பாத்துக்கலாம்னு சங்கத்துல ஒரு பேச்சு."

வாட்டிசோனிக்கு கவலை பிடித்துக்கொண்டது. பாய்க்காக அல்ல.

பக்கத்துத் தீவான யனுலைலையில் ஜோப்பே என்று ஒரு மெக்கானிக் இருந்தான். சுற்றுவட்டாரத்து மோட்டாரெல்லாம் அவன் கைபட்டவைதான். ஆனால் அது தௌவு ஊர். ஆதியில் இரண்டு ஊருக்கும் ஒரே குலதெய்வம். அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் எப்படிக் கிண்டலடித்தாலும் கோபிக்கக் கூடாது. கண்ணெதிரே எதை எடுத்துக்கொண்டு போனாலும் தடுக்கக் கூடாது. சிரிக்க வேண்டும். முகம் சுளித்தவனுக்குத்தான் மானக்கேடு. மாமன் மச்சான் கேலி ஒரு வீட்டோடு நிற்கும். இது ஊருக்கு ஊர்.

"அவன்கிட்டயா? மோட்டாரைக் குடுத்தா மோட்டாரையே எடுத்துக்குவான், நான் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கணுமா?" என்றார் வாட்டிசோனி. "நமக்கு நம்பிக்கையான ஆள் வேணும். சர்டிபிகேட் உள்ள ஆள்."

சுவாவில் அப்படி ஒருவரைக் கண்டுபிடித்தார். கேப்டன் ரெஜினால்ட். ஏசி அறை, சுவர் நிறைய பிரேம் போட்ட சான்றிதழ்கள், வெள்ளைக் கோட்டு. அந்தக் கோட்டில் ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. 'எவ்வளவு சுத்தமான தொழிலாளி!' என்று வாட்டிசோனி மெய்சிலிர்த்துப்போய், ஊர்சார்பில், மரியாதைக்குக் கொடுக்கும் பெரிய யங்கோனா வேர்க்கட்டு ஒன்றைக் கையில் கொடுத்து, கால் மணி நேரம் பேசினார். கேப்டன் கண்ணை மூடிக் கேட்டார். மூன்றாம் நாள் மோட்டார் பளபளவென்று வந்தது. கேப்டன் அதைத் தண்ணீர்ப் பீப்பாயில் கட்டி, தன் சொந்தப் பெட்ரோல் டாங்கியில் ஒரு மணி நேரம் ஓடவிட்டுக் காட்டினார். கூடவே ஒரு சான்றிதழ்: முழுமையாகப் பிரித்து, சுத்தம் செய்து, தேய்ந்த பாகங்கள் அனைத்தும் புதிதாக மாற்றப்பட்டன.

சனிக்கிழமை காலை அந்தச் சான்றிதழைக் கரையில் உரக்கப் படித்தார்கள். பாதிரியார் ஜெபித்தார். அறுபது பாயும் படகில் ஏறின. கெலேரா பாய்மேல் உட்கார்ந்தாள். ஓட்டுபவன் எரோனி கயிற்றைச் சுண்டினான், மோட்டார் உறுமியது. சுலு வேட்டியும் டையும் கட்டியிருந்த வாட்டிசோனி ஊருக்குக் கையசைத்தார்.

பவழத்திட்டைத் தாண்டினார்கள். மோட்டார் இருமுறை இருமியது. செத்தது.

வாட்டிசோனி கையசைப்பதை நிறுத்தவில்லை. "சும்மா ஓய்வு எடுக்குது" என்றார்.

"ஓய்வா?" என்றாள் கெலேரா. "மூணு நாளா ஏசி ரூம்ல அதத்தானே எடுத்துச்சு?"

எரோனி மூடியைத் திறக்கப் போனான். "தொடாதே! கேப்டன் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கார்!" என்று கத்தினார் வாட்டிசோனி. நீரோட்டம் படகைப் பக்கவாட்டில் இழுக்க ஆரம்பித்ததும் அவரே, "சரி, தொறந்து தொலை" என்றார்.

மூடி கழன்றது. உள்ளேயிருந்து ஒரு மீன் அவரைப் பார்த்தது.

கார்புரேட்டருக்கு மேலே ஒரு தகடு இருக்கவேண்டிய இடத்தில், மீன் டின்னை வெட்டி, நான்கு மூலையிலும் திருகாணி முடுக்கியிருந்தார்கள். டின்னில் அச்சடித்த மீன், ஒற்றைக் கண்ணும் பாதி வாயுமாக.

வாட்டிசோனி டையைத் தளர்த்தினார். "மீன் டப்பாவா? சர்டிபிகேட் குடுத்தவன்... மீன் டப்பாவ வெச்சா அனுப்பியிருக்கான்?"

எரோனி குனிந்து துடுப்பை எடுத்தான். கெலேரா வானத்தைப் பார்த்தாள்.

அரை மணி நேரத்தில் நீரோட்டம் அவர்களை யனுலைலைப் பக்கம் கொண்டுபோயிற்று. கரையிலிருந்து பழைய மரப்படகு ஒன்று பறந்து வந்தது. கையெல்லாம் கரி, முழங்கை வரை கிரீஸ், ஜோப்பே.

"ஏ மச்சான்! நடுக்கடல்ல டை கட்டிக்கிட்டு நிக்கிறியே, யாருக்குடா கல்யாணம்? சுறாவுக்கா?"

வாட்டிசோனி சிரித்தார். சிரித்தாக வேண்டும்.

"ஐயோ, இவனப் பாருடா, தபால் பெட்டி சிரிக்குது!" ஜோப்பே படகுக்குள் குதித்து, திறந்திருந்த மோட்டாரை எட்டிப் பார்த்தான். முகம் மலர்ந்தது. "அட, நம்ம மீன்! இன்னும் இங்கயே கெடக்கா? ரெண்டு வருஷம் ஆச்சே நான் இத வெட்டி ஒட்டி!"

"நீயா?" வாட்டிசோனியின் குரல் கீச்சிட்டது.

"பின்ன யாரு? எரோனி ராவோட ராவா தூக்கிட்டு வருவான். மூணு தடவ வந்திருக்கான். இந்தத் தடவதான் வரல. ஏன்டா எரோனி?"

எரோனி துடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடுப்பு ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

ஜோப்பே கழற்றிய மூடியிலிருந்த கேப்டனின் ஸ்டிக்கரைப் படித்துவிட்டு, ஆணியை விரலால் தடவினான். "நான் போட்ட துரு அப்படியே இருக்கு. உன் கேப்டன் இந்த மூடியத் தொறக்கவே இல்ல மச்சான். வெளிய பெயிண்ட் அடிச்சு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான். அழகாத்தான் இருக்கு. எங்க ஊரு சவப்பெட்டிக்கு அடிக்கச் சொல்லலாம்."

வாட்டிசோனி பாய்க்கட்டின் ஓரத்தில் உட்கார்ந்தார். கால் மணி நேரம் பேசிய பேச்சு முழுவதும் வரிவரியாக ஞாபகம் வந்தது.

மோட்டாரைத் தொடாமல் ஜோப்பே பெட்ரோல் டாங்கியைக் காலால் தட்டினான். அதன் இரு பக்கமும், பல் விழுந்த கிழவன் கன்னம்போல ஒடுங்கியிருந்தன. மூடிமேல் சிவப்பாக, தடிப்பாக ஏதோ அப்பியிருந்தது.

"இது என்ன எழவு?"

"அரக்கு" என்றார் வாட்டிசோனி, கொஞ்சம் நிமிர்ந்து. "பெட்ரோல் காணாமப் போகுதுன்னு நான்தான் ஒரு மாசமா முத்திரை வைக்கிறேன். காத்துகூட உள்ள போகாது."

ஜோப்பே அவரைப் பார்த்தான். பிறகு கெலேராவை. பிறகு எரோனியை. அதன்பின் படகின் அடியில் மல்லாந்து படுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். எழுந்து திருப்புளியால் அரக்கை ஒரு குத்துக் குத்தி, மூடியிலிருந்த சின்னத் திருகைத் தளர்த்தினான். புஸ்ஸென்று டாங்கி மூச்சு இழுத்தது, கன்னங்கள் உப்பின.

"காத்து உள்ள போனாத்தானேடா எண்ணெய் வெளிய வரும்! எரோனி, சுண்டு."

ஒரே சுண்டு. மோட்டார் உறுமியது. நிற்கவில்லை.

வாட்டிசோனி மெதுவாக எரோனி பக்கம் திரும்பினார். "உனக்கு... தெரியுமா?"

"தெரியும் தலைவரே."

"கெலேரா?"

"சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும் தலைவரே. பாதிரியார்கூட ஜெபத்துல ஜாடையா சொன்னாரே, மூச்சடைச்சவங்களுக்கு மூச்சக் குடுங்க ஆண்டவரேன்னு."

"முத்திரைத் திட்டத்த நான் கூட்டத்துல அறிவிச்சப்ப எல்லாரும் மூணு தடவ கை தட்டுனீங்களே!"

"தலைவர் பேசி முடிச்சா தட்டணும்ல? மரியாதை."

அந்தக் கைதட்டலை நினைத்து எத்தனையோ நாள் அவர் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். ஊரே தெரிந்துவைத்துக்கொண்டு, பயணத்துக்குப் பயணம் அவருக்காகத் துடுப்புப் போட்டிருக்கிறது.

"மரியாதைக்காரங்க வாயத் தொறக்க மாட்டாங்க மச்சான்" என்றான் ஜோப்பே. "நாங்கதான் தொறப்போம். சரி, வந்ததுக்கு எதையாவது எடுத்துக்கணும்ல?"

அவன் பார்வை பாய்களின்மேல் ஊர்ந்தது. கெலேரா இரண்டு கையாலும் பாய்க்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வாட்டிசோனி பாய்ந்து தன் டையைக் கழற்றி நீட்டினார். "இத எடுத்துக்கோ! சுவாவுல வாங்குனது!"

"எதுக்கு? என் பன்னியக் கட்டவா? அது வெக்கப்படும்." ஜோப்பே தாடையைச் சொறிந்தான். "எனக்கு உன் தலைவர் பதவி வேணும். எடுத்துக்கிட்டேன்."

"எது?"

"படகுக் குழுத் தலைவர். அந்த நோட்டு, ஸ்டாம்ப் எல்லாம் சேத்துத்தான். இதையெல்லாம் எடுக்கக் கூடாதுன்னு எந்தப் பெரியவராவது சொல்லியிருக்காரா?"

வாட்டிசோனி யோசித்தார். பன்றி எடுக்கலாம், பாய் எடுக்கலாம், வீட்டுக் கதவையே எடுத்துப்போன கதை உண்டு. பதவியை எடுக்கக் கூடாது என்று யாரும் சொன்னதாக எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. இதுவரை இதை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

"ஆனா எங்க வீட்டுல இத வைக்க எடமில்ல" என்றான் ஜோப்பே. "கெலேரா, நீ கொண்டுபோய் வெச்சுக்கோ."

"சரி, வெச்சுக்கறேன்" என்றாள் கெலேரா. ஒரு கூடை மரவள்ளிக்கிழங்கை வாங்கிக்கொள்கிற குரல்தான்.

மூன்று பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். முகம் சுளித்தால் மானம் போகும். சுளிக்காவிட்டால் பதவி போகும். வாட்டிசோனி சிரித்தார். அது சிரிப்புதானா என்று எரோனி ஒரு கணம் உற்றுப் பார்த்தான்.

தூரத்தில் கப்பல் ஊதியது. ஜோப்பே தன் படகுக்குத் தாவினான்.

"எரோனி, எடு" என்றாள் கெலேரா.

'எடு' என்று சொல்ல வாட்டிசோனியும் வாயைத் திறந்திருந்தார். அதற்குள் படகு பாதித் தூரம் போயிருந்தது.