சாக்கு விரித்த தராசு

1

இந்தக் கதை ஒரு டம்ளர் தண்ணீரிலிருந்து வந்தது. அண்ணன் கேட்ட தண்ணீர். மூளையில் அறுவை சிகிச்சை நடந்தபின் ஏழு ஆண்டுகளில் அவன் தானாகக் கேட்டது அந்த ஒரு முறைதான். அது தாகமா, இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

முதல் தொடக்கம்: ‘மூளையின் அடியில், பட்டாணி அளவில் ஒரு’

(விட்டுவிட்டேன். அண்ணன் படித்திருந்தால், “பட்டாணியா? பசிக்குதுடி” என்றிருப்பான்.)

இரண்டாம் தொடக்கம்: சிறுவயதில் விளையாடிவிட்டு வந்ததும் அண்ணன் தெருக்குழாயில் நேராக வாயை வைப்பான். மூச்சு விடக்கூட நிறுத்த மாட்டான். பின்னால் நான், அவன் ‘எலி’ என்று கூப்பிடும் தங்கை. “எனக்கும் விடுண்ணா” என்று முதுகில் குத்துவேன். அவன் சட்டைக்காலர் நனைந்திருக்கும்.

இதை வைத்துக்கொள்கிறேன். கதைக்குத் தேவைப்படாவிட்டாலும்.

2

கொஞ்சம் விளக்கம். உடலில் நீர் குறைந்தால் மூளையின் ஹைபோதலாமஸ் இரண்டு காரியம் செய்கிறது. பிட்யூட்டரி வழியாக வாசோபிரசின் என்ற ஹார்மோனை அனுப்பி, தண்ணீரை வெளியே விடாதே என்று சிறுநீரகத்துக்குச் சொல்கிறது. குடி என்று நமக்குச் சொல்கிறது. இந்த இரண்டாவதற்குத்தான் தாகம் என்று பெயர். உடம்புச் சூட்டைக் கவனிப்பதும் அதே ஹைபோதலாமஸ்தான்.

அண்ணனுக்கு அங்கே கட்டி. எடுத்தார்கள். கட்டியோடு மூன்றும் போயின. ஹார்மோனுக்கு மாத்திரை இருந்தது. குளிருக்கு ஸ்வெட்டர். தாகத்துக்கு அண்ணி.

3

அண்ணன் பேக்கரி வைத்திருந்தான். அடுப்புக்குப் பக்கத்திலும் ஸ்வெட்டரோடு நிற்பான். தினமும் காலையில் மாவு மூட்டை நிறுக்கும் தராசில் வெறுங்காலோடு ஏறுவான். அறுபத்து நான்கு கிலோ என்றால் வழக்கமான அளவு தண்ணீர். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் கூட்ட வேண்டும். ஏறினால் குறைக்க வேண்டும். டாக்டர் சொன்ன முறை. அண்ணி ஒரு நாளும் தவறியதில்லை.

மகளின் பிரசவத்துக்காக அண்ணி ஐந்து நாள் ஊருக்குப் போனாள். பொறுப்பு எனக்கு.

“குடிச்சுட்டேன்னு சொன்னா நம்பாத. டம்ளரப் பாரு.”

“சரி அண்ணி.”

“டம்ளரையும் நம்பாத. செடிக்கு ஊத்திடுவாரு.”

“செடியாவது நல்லாயிருக்கட்டுமே” என்றான் அண்ணன்.

4

(இங்கே என்னை மிகவும் நல்லவளாகக் காட்டும் ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன்.)

முதல் நாள் காலை தராசில் கால் வைத்தவன் துள்ளி இறங்கினான். இரும்புத் தட்டு.

“ஐஸ் மாதிரி இருக்குடி.”

அண்ணியாக இருந்தால் அதட்டி ஏற்றியிருப்பாள். நான் இரண்டு காலிச் சாக்குகளை மடித்து விரித்தேன். அவன் ஏறி நின்றான்.

“மெத்தையே போட்டுட்டா பாரு. இவதான் தங்கச்சி.”

அறுபத்தைந்தரை. கூடுதலாயிற்றே என்று தண்ணீரைக் குறைத்தேன். மூன்றாம் நாள் சரியாக அறுபத்து நான்கு. அண்ணிக்குப் போன் செய்து பெருமையாகச் சொன்னேன்.

சாக்குக்கும் எடை உண்டு. இரண்டும் சேர்ந்து ஒன்றரைக் கிலோ. அதை நான்

(நான்கு முறை எழுதிப் பார்த்தேன். இப்படியே நிற்கட்டும்.)

5

நான்காம் நாள் மதியம், நல்ல வெயில். அண்ணன் மாவில் உப்பை இரண்டு முறை போட்டான். சொன்னதற்கு எரிந்து விழுந்தான். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்கள் குழிந்திருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் என்னையே பார்த்தான்.

“ஏ எலி. தண்ணி குடு.”

கொடுத்தேன். மூச்சு விடாமல் குடித்தான். சட்டைக்காலர் நனைந்தது.

ஆஸ்பத்திரியில், தண்ணீர் குறைந்து ரத்தத்தில் உப்பு ஏறிவிட்டது என்றார்கள். இரண்டு நாளில் தேறினான். அண்ணி வந்ததும் தராசைத்தான் பார்த்தாள். சாக்குகளை எடுத்து உதறி ஓரமாக வைத்தாள்.

“கால் குளிருதுன்னாரா?” என்றாள்.

“ஆமா அண்ணி.”



6

அண்ணியிடம் அவன் சொன்னது: “நெஜமாவே தாகம். தொண்டையே கேட்டுச்சு.” அண்ணி அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தாள்.

என்னிடம் சொன்னது: “தாகமாவது மண்ணாவது. நீ அழுத. ஏதாவது வேல குடுத்தா நிறுத்துவேன்னு கேட்டேன்.”

தாகம் திரும்பியது என்றால் அண்ணிக்கு நம்பிக்கை. தாகமே இல்லை என்றால் நான் அவனை வதைக்கவில்லை. யாருக்கு எதைச் சொல்ல வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். அதன்பின் அவன் தண்ணீர் கேட்கவே இல்லை. வேறொரு நோயில் போய் இரண்டு வருடம் ஆகிறது.

7

இரண்டு முடிவுகள் எழுதினேன். இரண்டும் அவன் சொன்னவைதான்.

எனக்கிருக்கும் ஒரே சாட்சி அந்தக் காலர். நிஜத் தாகத்தில் குடித்தால்தான் அவனுக்கு அது நனையும். பார்த்ததாகத்தான் எழுதினேன். ஆனால் அது பேக்கரியில் நனைந்ததா, குழாயடியில் நனைந்ததை நான் இங்கே கொண்டுவந்து வைத்தேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

ஐந்தாம் பகுதியில் அந்த வரி இருக்கிறது. நீங்கள் அதை அடித்துவிட்டால், அவன் எனக்காகக் கேட்டான். விட்டுவைத்தால், அவனுக்குத் தாகம்.

பென்சிலை இங்கே வைத்துவிட்டு எழுகிறேன். எனக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும்.