சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது

கணவனின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்த மாமனாரிடம் மாத்திரையை நீட்டினாள் அவள். இன்னொரு சாக்ஸைக் காணோம் என்று அழுத மகளிடம், கட்டிலுக்கு அடியில் பார்க்கச் சொன்னாள். கணவன் பனியனோடு நின்று கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தான்.

அருங்காட்சியகத்தில் புதைபடிவங்களைச் சுத்தம் செய்வது அவன் வேலை. ஒரு காலத்தில் கடலாக இருந்து இப்போது மலையாகிவிட்ட இடங்களிலிருந்து வரும் பவளங்களும் சிப்பிகளும் கடல் அல்லிகளும் அவன் கை பட்ட பிறகுதான் கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். ஞாயிற்றுக்கிழமை புதுக் கூடம் திறக்கிறார்கள். அதன் நடுவே நிற்கப்போவது, மாதக்கணக்கில் பாடுபட்டு அவன் கல்லிலிருந்து வெளியே கொண்டுவந்த கிளைப் பவளம். வீட்டில் அதற்கு 'சக்களத்தி' என்று பெயர். மனைவி வைத்தது. "என் சக்களத்தி இன்னைக்கு எப்படி இருக்கா?" என்று தினமும் மாலையில் கேட்பாள்.

கைப்பேசியில் அருங்காட்சியக இயக்குநர் அம்மாள். விழாவுக்கு வீட்டிலிருந்து யார் யார் வருகிறார்கள், மனைவி என்ன செய்கிறார் என்று விசாரித்தார்.

"அவ வீட்டுல சும்மாதான் மேடம் இருக்கா. கூட்டிட்டு வந்துடறேன்."

இஸ்திரிப் பெட்டி ஒரு கணம் நின்றது. சட்டையைக் கொடுத்தபோது அவள் முகத்தில் கோபம் தெரியவில்லை. "ஞாயித்துக்கிழமை நான் வரலைங்க" என்றாள்.

"ஏன்? அதுக்குன்னே புது டிரஸ்கூட எடுத்தியே?"

"அங்க வர்றவங்க நீங்க என்ன பண்றீங்கன்னு கேப்பாங்க. சும்மா இருக்கேன்னு என் வாயாலயே சொல்லணுமா?"

மாமனார் மாத்திரையை விழுங்கிவிட்டு மகனைப் பார்த்தார். "இது தண்ணி குடிச்சா இறங்கிடும்டா. நீ சொன்னது இறங்காது."

ஏதோ பேச்சுக்குச் சொன்னதைப் போய்ப் பெரிதாக்குகிறார்களே என்று முணுமுணுத்தபடி அவன் கிளம்பினான். அன்று மாலை வீடு திரும்பியபோது சக்களத்தியைப் பற்றி அவள் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, சட்டை மடிப்புக் கலையாமல் வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

விழாவுக்கு முந்தின நாள், பவளத்தை மேடையில் ஏற்றுவதற்கு முன் கடைசியாக ஒரு முறை பார்த்தான். கிளைகளுக்கு நடுவே மங்கலாக, மெல்லிசாக ஒரு படலம் அப்பியிருந்தது. சும்மா ஒட்டிக்கொண்டு அழகைக் கெடுக்கிறதே என்று நுண்ணூசியால் அதைச் சுரண்டி எடுத்தான். இப்போது பவளம் பளிச்சென்று இருந்தது. இரண்டு கையாலும் தூக்கினான். இரண்டு கிளைகள் கழன்று அவன் உள்ளங்கையில் விழுந்தன.

சுரண்டிப் போட்டதில் ஒரு சில்லை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தான். அழுக்கு இல்லை. பின்னிய வலை போல வரிசை வரிசையாக நுண்ணிய துளைகள். ஒவ்வொரு துளையும் ஒரு சின்னஞ்சிறு உயிர் குடியிருந்த வீடு. கூட்டமாகச் சேர்ந்து பாசி போலப் படர்ந்து, கிளையோடு கிளையைக் கட்டி வைத்திருந்தவை. பாறைக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகள் விடாமல் பிடித்திருந்ததை அவன் ஒரே காலையில் சுரண்டிவிட்டான்.

சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் 'சும்மா'வை இதற்கு முன் எங்கே சொன்னோம் என்று அவன் அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை.

இயக்குநரிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னான். அவர் கழன்ற கிளைகளையும் அந்தச் சில்லையும் பக்கத்திலேயே வைத்து, உள்ளது உள்ளபடி காட்டச் சொன்னார்.

மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும், "உன் சக்களத்தி உடைஞ்சு போயிட்டா" என்றான்.

இரண்டு நாள் மௌனம் அவளுக்கு மறந்தே போனது. "அய்யோ, எப்படிங்க?" என்று ஈரக் கையோடு ஓடி வந்தாள். அவளுடைய அந்தப் பதற்றம்தான் அவனை அதிகம் சுட்டது.

"சும்மா ஒட்டிட்டிருக்குன்னு நினைச்சு ஒண்ணைச் சுரண்டிட்டேன். அதுதான் எல்லாத்தையும் சேத்துப் பிடிச்சிட்டு இருந்திருக்கு." தலையைக் குனிந்துகொண்டான். "போன்ல சொன்னதும் அந்த மாதிரிதான். தப்பு என்னோடது."

அவள் அவன் தோளில் படிந்திருந்த கல் தூசியைத் தட்டிவிட்டாள். கை அங்கேயே சற்று நின்றது. "நாளைக்கு யாராவது கேட்டா?"

"நான் சொல்றேன்."

விழாவில் அவன் சட்டைக் காலர் கொஞ்சம் கோணலாக இருந்தது. அவனே இஸ்திரி போட்டது. புது உடையில் அவளும், பேத்தியின் தோளைப் பிடித்தபடி மாமனாரும் உடைந்த பவளத்தின் முன் நின்றார்கள். இயக்குநர் அம்மாள் சிரித்தபடி வந்து, "நீங்க என்னம்மா பண்றீங்க?" என்று கேட்டார்.

அவள் கணவனைப் பார்த்தாள்.

"அன்னைக்கு நான் தப்பா சொல்லிட்டேன் மேடம்" என்றான் அவன். "எங்க வீட்டைச் சேத்துப் பிடிச்சிட்டு இருக்கறது இவதான். வீட்டைப் பாத்துக்கறவங்களை சும்மா இருக்காங்கன்னு சொல்லவே கூடாது. அவங்க ஒரு நாள் கையை விட்டா நம்ம கதி என்னன்னு இந்தக் கல்லு காட்டிடுச்சு."

அவள் கண் கலங்கியது. மறைக்கப் பவளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டு, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "சும்மா சொல்லாதீங்க."

"சும்மா இல்ல" என்றான் அவன்.