கதவுக்கு ஒரு கோல்கீப்பர்

இந்திய மகளிர் பனி ஹாக்கியின் வரலாறு எழுதப்படும் நாளில், குளச்சலுக்கென்று பொன்னெழுத்தில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டாக வேண்டும். அந்த இடம் செல்வதாஸ் முதலாளியின் இறால் கம்பெனியில், உரிப்புக் கொட்டகையின் சாக்கடை ஓரத்து மேசை. தேசிய அணியின் கோல்கீப்பர் ரெஜிஷா அங்கேதான் நின்று வேலை செய்தாள். உட்கார அங்கே எதுவும் கிடையாது.

விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். துறைமுகத்திலிருந்து வண்டி வந்து நின்றதும், உடைத்த ஐஸோடு சேர்த்து இறாலை மேசையில் கொட்டுவார்கள். தலையைக் கிள்ள வேண்டும். ஓட்டை உரிக்க வேண்டும். முதுகைக் கீறிக் கறுத்த குடலை உருவி எறிந்து, இறாலைத் தட்டில் போட வேண்டும். கொஞ்ச நேரத்தில் விரல் யாருடையது என்றே தெரியாது. இறாலின் கொம்பு நகக்கண்ணில் ஏறினால் அங்கே உறைக்காது. வீட்டுக்குப் போய்ச் சோறு பிசையும்போதுதான் உறைக்கும். குளோரின் தண்ணீரில் உள்ளங்கை வெந்து தோல் கழன்று வரும். இறாலை உரித்தால்தான் கூலி. கைத்தோல் உரிந்தால் கூலியில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒரு விளையாட்டு வாத்தியார் வாங்கி வைத்த சக்கரச் செருப்பில், கோயில் முற்றத்து சிமெண்டுத் தரையில் ஓடிப் பழகியவள் ரெஜிஷா. சக்கர ஹாக்கியில் மாநில அணிவரைக்கும் போனாள். பனியில் விளையாடப் பெண்கள் அணி சேர்க்கிறோம், சக்கரத்தில் ஓடத் தெரிந்தால் போதும் என்று வடக்கே ஒரு சங்கம் அறிவித்தது. அதுவரை அவள் பனிக்கட்டியைப் பார்த்தது மீன் பெட்டியில் மட்டுமே. முகாமுக்குப் போய் அதன்மேல் ஏறினாள். ஓட வந்தது, நிற்க வரவில்லை. நேராகப் போய் வேலியில் முட்டினாள், எழுந்தாள், மறுபடியும் முட்டினாள். பயிற்சியாளர் யோசித்துப் பார்த்து, ஓட வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில் அவளை நிறுத்தினார். அப்படித்தான் அவள் கோல்கீப்பர் ஆனாள்.

ஆனால் நல்ல கோல்கீப்பர். கல்போன்ற ரப்பர் வட்டு பறந்து வரும்போது, விரலில் பட்டால் வலிக்குமே என்று மற்றப் பெண்கள் அரை நொடி தயங்கினார்கள். ரெஜிஷாவுக்கு விரலில் வலி தெரிவது நின்று வெகுகாலம் ஆகியிருந்தது.

நாட்டுக்காக விளையாடுகிறவர்களுக்கு நாடு சட்டை கொடுத்தது. விமானச் சீட்டை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். முகாம்களுக்கு ரயிலில், முன்பதிவு இல்லாத பெட்டியில் போய்வந்தாள். அதையும் தாங்கியது கொட்டகைதான். அங்கே ஒரு பழைய வழக்கம் உண்டு. பேறுகாலத்துக்குப் போனவளின் பெயரை மேனேஜர் வெட்டிவிடாமலிருக்க, மேசையில் நிற்பவர்கள் ஆளுக்கொரு பிடி உரித்த இறாலை அவள் தட்டில் போடுவார்கள். பிடி போடுவது என்று அதற்குப் பெயர். தட்டு நிறைந்தால் ஆள் வந்ததாகக் கணக்கு. ரெஜிஷா முகாமுக்குப் போன போதெல்லாம் அவளுடைய தட்டில் பிடி விழுந்தது. "இவளுக்கு வருசத்துல எத்தற பேறுகாலம்ட்டி" என்று அடுத்து நிற்கும் ஷெர்லி கேட்பாள், கேட்டுக்கொண்டே போடுவாள். முதல் பிடி எப்போதும் முன்வாசல் பக்கத்து மேசைக் கிரேசி சித்தியுடையது.

இரண்டாயிரத்துப் பதினேழில் வெளிநாட்டில் ஒரு போட்டி வந்தது. செல்வதாஸ் முதலாளி டிக்கெட் எடுத்துத் தருவதாக அறிவித்தார். அறிவித்த சூட்டிலேயே பஸ் ஸ்டாண்டில் ஒரு ஃப்ளெக்ஸ் எழுந்தது. 'எம் நிறுவனம் ஈன்றெடுத்த பனிப்புயலே' என்று எழுதி, ஒரு பக்கம் கும்பிட்டபடி முதலாளி, மறுபக்கம் கவசமும் முகமூடியும் அணிந்த ஒரு கோல்கீப்பர். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் இணையத்தில் தேடி எடுத்த அந்தப் படத்தில் இருந்தவர், கனடா நாட்டைச் சேர்ந்த ஓர் ஆண். ரெஜிஷாவின் அம்மா தினமும் பஸ்ஸுக்கு நிற்கையில் அந்தக் கனடாக்காரரைப் பார்த்து மனம் நிறைந்தாள்.

அந்த வாரம்தான் ஐஸ் பிளாண்டின் அம்மோனியாக் குழாய் வெடித்தது.

ஐஸ் பிளாண்டுக்கும் உரிப்புக் கொட்டகைக்கும் நடுவே ஒரு சுவர், அதில் ஐஸ் தள்ளிவிடும் துவாரம். அது முன்வாசலின் அருகில் இருந்தது. கண்ணையும் தொண்டையையும் அறுத்துக்கொண்டு வாயு உள்ளே வந்ததும் ரெஜிஷாவும் மற்றப் பெண்களும் பின்கதவுக்கு ஓடினார்கள். பின்கதவு வெளியே பூட்டிக் கிடந்தது. இறால் சேலைக்குள் ஒளிந்து வெளியேறிவிடும் என்பது கம்பெனியின் நெடுநாள் அச்சம். சாவி, மேனேஜர் தேவகுமாரின் பைக் சாவியோடு சேர்ந்து மண்டைக்காட்டுக்குப் போயிருந்தது. ஈரச் சேலையை முகத்தில் பொத்திக்கொண்டு கதவை அடித்தார்கள். ஐஸ் பிளாண்டு ஆட்கள் கடப்பாரையோடு வந்து உடைத்துத் திறந்தபோது, துவாரத்தின் அடியில் வேலை செய்த கிரேசி கடைசி ஆளாகத் தூக்கி எடுக்கப்பட்டாள். அவளுக்கு நினைவில்லை. வாயில் நுரை இருந்தது.

கம்பெனி ஒரு விளக்கம் வெளியிட்டது. கிரேசிக்கு முன்பே மூச்சிளைப்பு உண்டு. கதவு திறந்தே இருந்தது. வாயு எதுவும் கசியவில்லை. கசியாத வாயு வெளியேறும்வரை கொட்டகை மூடியிருக்கும்.

செல்வதாஸ் முதலாளி ரெஜிஷாவைத் தம் ஏசி அறைக்குக் கூப்பிட்டார்.

"இரி மக்கா" என்றார்.

அந்தக் கம்பெனியில் அவளை யாரும் உட்காரச் சொன்னதில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது.

"டிக்கெட்டு போட்டாச்சு கேட்டியா. பாஸ்போர்ட்ட எடுத்துட்டு ஏறினா போரும்."

"சந்தோசம் சார்."

"வெள்ளிக்கிழம ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வாராரு. பத்திரிகக்காரனும் உண்டு. நீ இந்தியா சட்டையும், அந்தக் காலுல கெட்டுத மெத்தையும் எல்லாம் மாட்டிட்டு நில்லு. படத்துல பாக்க லெட்சணமா இருக்கும். பின்கதவு எப்பவும் தொறந்துதான் கெடக்கும்னு ஒரு வார்த்த. அவ்வளவுதான்."

"பூட்டித்தான கெடந்து சார்."

"அது நமக்குத் தெரியும். அவருக்குத் தெரியாண்டாம்."

"கிரேசி சித்திக்கு ஆசுத்திரி செலவு..."

"நான் ஜெபம் பண்ணுதேன்."

"செலவு சார்."

"ஜெபம் பண்ணுதேன்னு சொன்னேன்லா." முதலாளி பேனாவை மூடினார். "நீ கோல்கீப்பராக்கும். கம்பெனிக்க மேல ஒரு வட்டு வருது. மறிக்கது உனக்க கடமை இல்லியா?"

"எனக்க மேல வந்தா மறிப்பேன் சார். இது சித்திக்க நெஞ்சுல பட்டாச்சு."

முதலாளி மூடிய பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். "உனக்கு வயசு என்ன ஆவுது? அடுத்த தடவைக்கு உன்னவிட எளசா நாலு பிள்ளைய வந்து நிக்கும். யோசிச்சுக்கோ."

யோசிக்க எதுவுமில்லை, அவர் சொன்னது உண்மை.

மறுநாள் நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கிரேசியின் முகத்தில் ஆக்சிஜன் மூடி. பக்கத்தில் ஷெர்லி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். கைப்பழக்கத்தில் ஒவ்வொரு சுளையின் முதுகையும் நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

ரெஜிஷா முதலாளி சொன்னதைச் சொன்னாள். கிரேசி மூடியை விலக்கினாள்.

"தொறந்து கெடந்துன்னு... பறஞ்சிரு மக்கா." ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு செலவானது. "பூட்டிக் கெடந்துன்னு நீ பறஞ்சா... எனக்க நெஞ்சு தொறக்குமா? போய் வெளையாடு. எத்தற பிடி... போட்டிருக்கோம் உனக்கு. அது வெள்ளத்துல போவாண்டாம்."

"சித்தி அப்படித்தான் சொல்லும்" என்றாள் ஷெர்லி. "ஏட்டி, நீ போய்க் கோப்ப வாங்கிட்டு வா. நாங்க உள்ள நின்னு கைதட்டுதோம். கதவு பூட்டித்தான கெடக்கும், அந்தச் சத்தம் உனக்குக் கேக்காது."

"நான் போவேன்னு இன்னும் சொல்லலியே மைனி."

"போவமாட்டேன்னும் சொல்லலியே."

திரும்பி வந்த பஸ்ஸில் ரெஜிஷா அழுதாள். பிழைப்பு முழுவதும் ஐஸில் நின்றே கழிகிற ஒருத்திக்கு, குளிர் கூலியாக இல்லாமல் வெறும் குளிராக இருந்த இடம் அந்தப் பனி மைதானம் ஒன்றுதான். அங்கே அவளை யாரும் தட்டைக் காட்டு என்று கேட்டதில்லை. அதை விட்டுவிட்டால் அவளிடம் மிச்சமிருப்பது சாக்கடை ஓரத்து மேசைதான். மேசையும் இருக்குமா என்று சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை காலை பின்கதவுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தது. மேலே 'அவசர வழி' என்று எழுதிய பலகை. புதுப் பூட்டைக் கழற்றித் தேவகுமார் கால்சட்டைப் பையில் போட்டிருந்தார். பை ஒரு பக்கமாகத் தொங்கியது. மறுபடி திறந்த கொட்டகைக்குள் பெண்கள் வழக்கம்போல் உரித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி இன்ஸ்பெக்டருக்குப் பொன்னாடை போர்த்தினார். பெயிண்ட் இன்னும் காயாததால் பொன்னாடையின் ஓரத்தில் கொஞ்சம் பச்சை ஒட்டியது.

ரெஜிஷா இந்தியச் சட்டையும், தொடைவரைக்கும் மெத்தை மெத்தையான கால் கவசங்களும் மாட்டி, பங்குனி வெயிலில் வேர்த்து வழிந்து நின்றாள். "எங்க கம்பெனி பெற்ற பிள்ளை" என்று முதலாளி அறிமுகம் செய்தார். பஸ் ஸ்டாண்டு படத்தைவிட ஆள் குள்ளமாக இருக்கிறாளே என்று இன்ஸ்பெக்டர் வியந்தார்.

"சொல்லும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "இந்தக் கதவு எப்பவும் திறந்திருக்குமா?"

உள்ளே உரிக்கும் சத்தம் நின்றது. ஷெர்லி திரும்பிப் பார்க்கவில்லை. கையிலிருந்த இறாலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்குத்தான் சார் தொறந்து கெடக்கு" என்றாள் ரெஜிஷா. "அன்னைக்குப் பூட்டிக் கெடந்து. சாவி இஞ்ச இல்ல. நீங்க போன பெறவு திரும்பவும் பூட்டுவாவ."

பிறகு நடந்துபோய்க் கதவு நிலையில் முழங்கால் போட்டாள். வட்டு தரையோடு வரும்போது கோல்கீப்பர் இரண்டு காலையும் பக்கவாட்டில் விரித்து வாசலை அடைப்பது ஒரு முறை. நிலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை அவளுடைய கால் கவசங்கள் கிடந்தன. தேவகுமார் பாய்ந்து வந்து கதவைச் சாத்தத் தள்ளினார். கவசத்தில் முட்டிக் கதவு திரும்பி வந்தது. அவருடைய உள்ளங்கை பச்சையானது. அவளைத் தூக்கிப் பார்த்தார். கவசங்களோடு அவள் ஒரு ஐஸ் பாளத்தைவிடக் கனமாக இருந்தாள். கவசத்தைப் போடச் சொன்னவர் முதலாளிதான்.

"எழும்பு பிள்ளே" என்றார் முதலாளி.

"ஆசுத்திரி செலவு குடுக்கணும் சார். கதவ இனிப் பூட்டப்பிடாது. ரெண்டும் எழுதித் தரணும்."

"டிக்கெட்டு கேன்சல்."

"தெரியும் சார்" என்றாள். கண்ணீர் வேர்வையோடு கலந்து இறங்கியது. கையுறை பெரிது, துடைக்க முடியவில்லை. காலை மட்டும் அசைக்கவில்லை.

கொட்டகைக்குள் கொஞ்ச நேரம் யாரும் நகரவில்லை. எல்லோர் வீட்டிலும் அடுப்பு உண்டு, பிள்ளைகள் உண்டு. முதலில் ஷெர்லி தட்டைக் கவிழ்த்து வைத்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து ரெஜிஷாவின் முதுகுக்குப் பின்னால் ஈரத் தரையில் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் தள்ளி இரிட்டி. உனக்க மெத்த எனக்கு இடிக்கி."

பிறகு இன்னொருத்தி. பிறகு மேசை மேசையாக வந்தார்கள். இன்ஸ்பெக்டருக்கு நாகர்கோவிலில் வேறொரு வேலை ஞாபகம் வந்தது. மத்தியானத்துக்குமேல் வந்து விசாரிப்பதாகச் சொல்லிப் பொன்னாடையோடு ஜீப்பில் ஏறினார். வருவாரா என்று யாருக்கும் தெரியவில்லை. தேவகுமார் போலீசுக்குப் போன் செய்தார்.

அந்தப் பெண்களுக்கு வேலைநிறுத்தம் செய்து பழக்கமில்லை. கூட்டமாகத் தரையில் உட்கார்ந்தால் அவர்களுக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். ஷெர்லி மாதா பிரார்த்தனையைத் தொடங்கினாள். "பரலோகத்தினுடைய வாசலே" என்று அவள் சொல்ல, மற்றவர்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார்கள். வந்த கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். சி.எஸ்.ஐ. புராட்டஸ்டண்ட் சபையில் மூப்பரான முதலாளி மாதாவைக் கும்பிடவும் கூடாது, ஜெபத்தை நிறுத்தவும் கூடாது. வெயிலில் நின்றார். சுவருக்கு அந்தப் பக்கம் ஐஸ் பிளாண்டின் இரைச்சல் ஒருமுறை இறங்கி, பிறகு அடியோடு நின்றது. கடப்பாரையால் கதவை உடைத்த ஆட்கள் ஒவ்வொருவராக வந்து பெண்களைச் சுற்றி நின்றார்கள். அன்றைய படகுகளுக்கு ஐஸ் போகாது என்று ஒருவன் சொன்னான். யாரும் எழுந்திருக்கவில்லை.

சேதி கேட்டு நாகர்கோவிலிலிருந்து தொழிற்சங்கத் தோழர் ராஜையன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்; ஆனாலும் பிரார்த்தனை முடியும்வரை கொடியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பொறுமையாக நின்றார். முடிந்ததும் கொடியை விரித்து ரெஜிஷாவின் கையுறைக்குள் செருகினார். கோஷம் எப்படிப் போடுவது என்று விளக்கினார். நான் சொல்வதை நீங்கள் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், ஊரே கேட்க வேண்டும் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அவர் கையை உயர்த்தி, "பூட்டாதே, பூட்டாதே, கதவைப் பூட்டாதே" என்று முழங்கினார்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார்கள் அத்தனை பெண்களும், ஒரே குரலில்.